ஆறு மா மலை

ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தால் அலுவலகங்களும் இரண்டாக வேண்டும் என்பது நிர்வாக நியதி. எங்கள் மாவட்டம் பிரிந்தபோது கருவூலம் வந்தது, தராசு முத்திரை போடுகிற அலுவலகம் வந்தது, மீன்வளம் வந்தது. கூடவே, மாவட்டத்தின் கனிம வளங்களைக் கண்டறிந்து பேணிக் காப்பதற்கென்று ஓர் அலுவலகமும் வந்தது. மன்னார்குடியில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் அதற்கு இடம் பிடித்தார்கள்.

எங்கள் பகுதியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். கூத்தாநல்லூரில் சைக்கிளில் ஏறினால் மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி வரை ஓர் இடத்தில்கூட இறங்கித் தள்ள வேண்டியிருக்காது. ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்குவதுதான் எங்களுக்கு மலையேற்றம். வண்டல் உண்டு, களிமண் உண்டு, மேட்டூரில் திறந்துவிட்டால் தண்ணீர் உண்டு. கல் மட்டும் கிடையாது. நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டியைத்தான் எடுப்போம். அம்மியும் ஆட்டுக்கல்லும் வெளியூரிலிருந்து லாரியில் வந்தவை.

இப்படிப்பட்ட மாவட்டத்தின் கனிமங்களைக் காக்கும் பொறுப்பை வைரக்கண்ணு என்பவர் ஏற்றுக்கொண்டார். புவியியலில் முதுகலை படித்தவர். பதினோரு வருடம் சேலம், தருமபுரிப் பக்கம் மலை மலையாக அலைந்துவிட்டு வந்திருந்தார். அவருடைய மனைவி மலர்கொடி மன்னார்குடியில் பள்ளிக்கூட ஆசிரியை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இப்போதுதான் இருவரும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறார்கள். அவரைப் பற்றி யாராவது குறை சொல்ல வந்தால் இதை முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மாதம் பிறந்தால் அவர் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்புவார். மாவட்டத்தில் உள்ள கனிமங்கள்: இல்லை. அனுமதியுடன் வெட்டப்பட்டவை: இல்லை. அனுமதியின்றி வெட்டப்பட்டவை: இல்லை. இதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். பத்தொன்பது மாதம் ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் இல்லை, இல்லை என்று அனுப்பினார். இருபதாவது மாதம் பதில் வந்தது. புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இணங்க, பயன் தராத அலுவலகங்கள் கண்டறியப்பட்டு மூடப்படும். தங்கள் அலுவலகம் கண்டறியப்பட்டுள்ளது. தாங்கள் மீண்டும் தருமபுரிப் பக்கம் செல்ல ஆயத்தமாக இருக்கவும்.

அன்று வைரக்கண்ணு மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இது இப்படியிருக்க, கூத்தாநல்லூருக்குத் தெற்கே வாய்க்காலை ஒட்டி ஆம்பலடி என்று ஒரு சிறிய கிராமம். அங்கே ஆறு மா நஞ்சை, அதாவது இரண்டு ஏக்கர், மூஸா என்பவருக்குச் சொந்தம். கூத்தாநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூர், துபாய் என்று போய்க் கடை வைப்பார்கள். மூஸா போனது ஓமான் நாட்டில் ஒரு மலைச் சுரங்கத்துக்கு, சமையல்காரராக. அந்த மலையில் ஆயிரக்கணக்கான வருடங்களாகச் செம்பு வெட்டியெடுக்கிறார்களாம். அந்தக் காலத்தில் உருக்கிக் கொட்டிய கசடு இன்னமும் கறுப்புக் குன்றுகளாகக் கிடக்குமாம். பதினெட்டு வருடம் மூஸா அங்கே ரொட்டி சுட்டார், தொட்டுக்கொள்ள ஆணம் காய்ச்சினார். பிறகு மலையில் செம்பு தீர்ந்தது. மலைக்கே வேலை போனபின் சமையல்காரருக்கு என்ன வேலை? ஊர் வந்து சேர்ந்தார். சேர்த்து வைத்ததில் வாங்கியதுதான் அந்த ஆறு மா.

ஊர் திரும்புகிறவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டு வருவார்கள், அத்தர் கொண்டு வருவார்கள். மூஸாவின் பெட்டியில் ஒரு பால்மாவு டின் இருந்தது. அவர் மனைவி கமருன்னிஸா ஆசையாகத் திறந்து பார்த்தாள். உள்ளே பதினெட்டுக் கற்கள். சில பச்சை, சில நீலம், ஒன்று மயில் கழுத்து நிறம், ஒன்று தங்கம் மாதிரி மின்னியது. அங்கிருந்த எஞ்சினியர் ஒருவர் வருடத்துக்கு ஒன்றாக மூஸாவுக்குக் கொடுத்தவை.

"பதினெட்டு வருசம் கழிச்சு வர்ற மனுசன் கல்லக் கொண்டாந்திருக்கீங்களே! வெளியில சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அப்படிச் சொல்லாதே. இந்தப் பச்சை இருக்கு பாரு, இது வாப்பா மவுத்தான வருசம். நான் வர முடியல. இந்த நீலம் சுமையா பொறந்த வருசம்."

சுமையா அவர்களின் ஒரே மகள். அவள் பிறந்து மூன்று வருடம் கழித்துத்தான் மூஸா அவளைப் பார்த்தார். ஆனாலும் கமருன்னிஸா மின்னிய கல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு நகைக்கடைக்குப் போனாள். கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைவிட என்னோட உரைகல்லுக்கு மதிப்பு அதிகம்" என்றார். பெருநாளுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அந்த டின் வயல்களத்திலிருந்த வைக்கோல் கொட்டகைக்கு இடம் மாறியது.

வயலை விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குச் சாகுபடி செய்தவர் ரெங்கசாமி. அவருக்கும் பக்கத்திலேயே மூன்று மா சொந்தமாக உண்டு. ஆவணியில் சம்பா நடவு முடிந்து தண்ணீர் கட்டினால், கட்டிய தண்ணீர் காலையில் இல்லை. வரப்பு முழுக்க நண்டு வளை. சேற்றை வைத்து அடைத்தார். நண்டு மறுநாளே தோண்டிவிட்டது. வைக்கோலைத் திணித்தார். அதையும் தோண்டிவிட்டது. கொட்டகைக்குள் போனவர் கண்ணில் டின் பட்டது. வளைக்கு ஒரு கல்லாக வைத்து இறுக்கிச் சேற்றைப் பூசினார். தண்ணீர் நின்றது.

மூஸாவுக்குத் தெரிந்தபோது முகம் வாடிப்போயிற்று. "அது எல்லாம் வெறும் கல்லு இல்ல ரெங்கசாமி."

"அறுப்பு முடியட்டும் பாய். ஒண்ணு விடாமத் தோண்டிக் கழுவித் தர்றேன்."

ஆனால் அறுப்புக்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலர் இராஜாங்கம் வந்துவிட்டார். பயிர்க் கணக்கு எழுத வயலுக்கு நேரில் போக வேண்டும் என்று விதி. டீக்கடையிலிருந்தே எழுதுவது வழக்கம். அந்த வருடம் மட்டும், நேரில் போனதாகக் கையெழுத்துப் போட்டால் போதாது, நேரில் போகவே வேண்டும் என்று ஒரு கொடூரமான உத்தரவு வந்திருந்தது. வரப்பில் நடந்து பழக்கமில்லாத இராஜாங்கம் வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க ஊன்றிய கையில் ஒரு பச்சைக் கல் வந்தது. இருபத்திரண்டு வருட சர்வீசில் ஆம்பலடி மண்ணில் அவர் பார்த்த முதல் கல். நேராகப் பேருந்து ஏறி மன்னார்குடி மண்டி மாடிக்குப் போனார்.

வைரக்கண்ணு கல்லை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். "எங்கய்யா கிடைச்சது?"

"வரப்புல சார்."

"இன்னும் இருக்கா?"

"நான் ஒரு எடத்துலதான் சார் விழுந்தேன்."

மறுநாள் அரசு ஜீப் ஆம்பலடிக்கு வந்தது. வரப்பை மெல்லக் கிளறியதில் மீதிப் பதினேழு கல்லும் தெரிந்தன. இராஜாங்கம் கொண்டுவந்த கல்லைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, மற்றதை அப்படியே விட்டு, சுற்றிலும் சணல் கயிறு கட்டினார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டே வாரத்தில் முடிவு வந்தது. உயர்தரச் செம்புத் தாது. வைரக்கண்ணு வாக்குமூலம் வாங்க மூஸாவைக் கூப்பிட்டார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஓமான்லேர்ந்து சார். நான்தான் கொண்டாந்தேன்."

வைரக்கண்ணு பேனாவை மூடி வைத்தார். "ஏர்போர்ட்ல காட்டினீங்களா?"

"பால்மாவு டின்னுதானே, யாரும் கேக்கல."

"அனுமதியில்லாம ஒரு கனிமத்தை நாட்டுக்குள்ள கொண்டாந்தா என்ன தண்டனை தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. ஆனா இருக்கும்."

"அப்ப நான் கொண்டு வரல சார்."

"பின்னே யார் கொண்டாந்தது?"

"யாரும் கொண்டு வரல."

"யாருமே கொண்டு வராத கனிமம் ஒரு இடத்துல இருந்தா, அதுக்குப் பேர் என்ன?"

"நீங்களே சொல்லிடுங்க சார்."

"இயற்கை வளம்" என்று வைரக்கண்ணு பேனாவைத் திறந்தார்.

கூட வந்திருந்த ரெங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நான்தான் அதை நண்டு வளையில வச்சு அடைச்சேன்."

"நண்டு வளைங்கிறது யார் செஞ்சது?"

"நண்டு செஞ்சது."

'இயற்கையாக அமைந்த துளைகளில் தாது செறிந்து காணப்படுகிறது' என்று வைரக்கண்ணு எழுதிக்கொண்டார்.

அடுத்த சிக்கல் படிவத்தில் வந்தது. அது மலை மாவட்டங்களுக்கென்று அச்சடித்த படிவம். ஏழாவது பத்தியில், கனிமம் காணப்படும் மலையின் பெயர் என்று கேட்டிருந்தது. அந்தப் பத்தி காலியாக இருந்தால் படிவம் திரும்பி வந்துவிடும்.

"மலை இல்லைன்னு எழுதிடுங்க சார்" என்றார் இராஜாங்கம்.

"இல்லை இல்லைன்னு எழுதித்தான்யா நான் இந்த நிலைமைக்கு வந்தேன்."

'ஆம்பலடி மலை' என்று எழுதினார். எட்டாவது பத்தி, மலையின் உயரம். வரப்பு ஒன்றரை அடி. அதை எழுதக் கை வரவில்லை. பொய் எழுதவும் மனம் வரவில்லை. 'அளக்கப்படவில்லை' என்று எழுதினார். அது உண்மை. மேலிடத்தில் இதைப் படித்தவர், ஒரு புவியியல் அதிகாரியே அளக்காமல் விட்டிருக்கிறார் என்றால் அது அளக்க முடியாத உயரமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அப்படியே குறிப்பெழுதி மேலே அனுப்பினார். அதற்கும் மேலே இருந்தவர் குறிப்பை மட்டும் படித்தார். புரட்டாசி பிறந்தபோது ஆம்பலடி மலைக்கு அரசு ஒப்புதல் வந்தது. நகல் பதினொரு துறைகளுக்கு.

துறைகள் சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கம் ஒரு மனுவைப் படிக்க மூன்று வருடம் எடுத்துக்கொள்ளும் துறைகள் இந்த நகலை மூன்றே நாளில் படித்தன. வருவாய்த் துறை அந்த ஆறு மாவை நஞ்சையிலிருந்து நீக்கி மலையில் சேர்த்தது. வேளாண்மைத் துறை, மலையில் நெல் பயிரிடுவது பரிந்துரைக்கப்படவில்லை, மிளகு போடலாம் என்று தெரிவித்தது. பாசனத்தைக் கவனிக்கிறவர்கள் வாய்க்கால் மதகைப் பூட்டச் சொன்னார்கள்.

மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் ரெத்தினம், ரெங்கசாமிக்கு உறவுக்காரன். அவன் பூட்டும் சங்கிலியுமாக வந்ததைப் பார்த்து ரெங்கசாமி ஓடினார்.

"என்னப்பா பூட்டுறே? பயிர் கருகிடும், மழை இன்னும் விழல!"

"ஆர்டர் மாமா. மலைக்குப் பாசனம் கிடையாதாம்."

"எங்கடா மலை?"

ரெத்தினம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பச்சையாகக் கிடந்த வயலைப் பார்த்தான். "ஆர்டர்ல இருக்கு மாமா."

"ஒரு தடவை தெறந்து விட்டுப் பாரேன். மலையா இருந்தா தண்ணி ஏறாது. ஏறிடுச்சுன்னா மலை இல்லைன்னு ஆயிடும்ல?"

"ஏறிடுச்சுன்னா, மலை மேல தண்ணி ஏத்தினேன்னு எனக்கு மெமோ குடுப்பாங்க."

மூஸாவின் வயலைத் தாண்டித்தான் ரெங்கசாமியின் மூன்று மாவுக்குத் தண்ணீர் போக வேண்டும். இரண்டும் சேர்ந்து காய்ந்தன. அந்த வருடம் குறுவையும் கிடையாது. இருக்கிற ஒரு போகம் இதுதான். ரெங்கசாமி விடிந்ததும் வயலுக்குப் போய் வெடித்த மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். முதல் நாள் ஒரு கணு உள்ளே போனது. நாலாம் நாள் விரல் முழுக்க உள்ளே போனது. மூஸா தொழுகை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் நிற்பார்.

ஊர் மட்டும் குளிர ஆரம்பித்தது. அரசு விதிப்படி மலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு மலைப்படி உண்டு, குளிர்காலப் படியும் உண்டு. ஆம்பலடிப் பள்ளிக்கூட வாத்தியார்கள், சுகாதார நர்சம்மா, தபால்காரர், இராஜாங்கம் எல்லாருக்கும் அது கிடைத்தது. குளிர்ப்படி வாங்கிவிட்டுக் குளிராமல் இருந்தால் தணிக்கையில் ஆட்சேபணை வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இராஜாங்கம் புரட்டாசி வெயிலில் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாயுமாக வந்தார். வேர்வை கழுத்து வழியாக ஓடியது. கேட்டால், "உள்குளிர்" என்பார்.

மன்னார்குடி ஜவுளிக்கடைகள் இதைக் கவனித்தன. தீபாவளிக்கு ஸ்வெட்டர் புதுசு வந்து இறங்கியது. ஸ்வெட்டர் இல்லாமல் மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பது கௌரவக் குறைச்சலாயிற்று. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள், எங்கள் ஊர்ப் பக்கத்தில் மலை இருக்கிறது என்று அங்கே போய்ச் சொல்ல, அங்கிருந்தே மனை கேட்டு ஆள் விட்டார்கள். ஆம்பலடி போகும் வழியில் தரிசாகக் கிடந்த உப்பு நிலத்தில் மலைக்காற்று நகர் என்று பலகை நட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு மலை பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் வரப்பைச் சுற்றியிருந்த சணல் கயிற்றைப் பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனார்கள்.

கடைசியில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனியும் வந்தது. கழுத்தில் டை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. வந்த இளைஞன் பெயர் ஹரிஷ். வைரக்கண்ணு அவனை வயலுக்கு அழைத்துப் போனார்.

"மலை எங்கே சார்?"

"நீங்க நிக்கிறதே மலை மேலதான்."

ஹரிஷ் மரியாதையாக இறங்கிக்கொண்டான். கொஞ்சமும் கலங்கவில்லை. "சின்னதா இருக்கிறதும் நல்லதுதான். பெரிய மலைன்னா காடு, மிருகம், போராட்டம்னு ஆயிரம் தொல்லை."

"எப்ப வெட்ட ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார் மூஸா.

"வெட்டுறதா? அதெல்லாம் பழைய காலம் பாய். இப்ப அறிவிச்சாலே போதும், கம்பெனி ஷேர் விலை ஏறிடும்."

அவன் காய்ந்த வயலில் குப்புறப் படுத்து, வானத்தைப் பின்னால் வைத்து வரப்பைப் படம் எடுத்தான். பளபளக்கும் தாளில் அச்சாகி வந்தபோது அது நிஜமாகவே மலை மாதிரிதான் இருந்தது. அடிவாரத்தில் ஒரு நண்டு மட்டும் நின்றது.

திங்கட்கிழமை மனு கொடுக்கும் நாளில் மூஸாவும் ரெங்கசாமியும் போய் வரிசையில் நின்றார்கள். 'எங்கள் வயலை வயலாக அறிவித்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்பது மனு. அதை வாங்கிய அதிகாரி அனுதாபத்தோடு படித்தார்.

"மலை இல்லைன்னு சொல்றீங்க. அப்ப இருந்த மலை எங்க போச்சு?"

"இருந்ததே இல்லைங்க ஐயா."

"அரசாணையிலே இருந்திருக்கே. அப்புறம் இல்லைன்னா, யாரோ அகற்றியிருக்கணும். அனுமதியில்லாம மலையை அகற்றினா குற்றம். உங்க மேலயே நீங்க புகார் குடுக்கிறீங்களா?"

இருவரும் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டில் மூஸா நடந்ததைச் சொன்னார். கமருன்னிஸா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கல்லைத் தோண்டி எடுத்துட்டா என்னங்க?"

"கேஸ் போடுவாங்க."

"வச்சிருந்தா பயிரு போவுது, எடுத்தா கேசு. கேசுக்குத் தண்ணி ஊத்த வேணாமே."

மறுநாள் காலையில் அவள் வயலுக்குப் போனாள். சணல் கயிற்றைத் தாண்டி உட்கார்ந்து, பதினேழு கல்லையும் ஒவ்வொன்றாகத் தோண்டினாள். வாய்க்காலில் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. மண்ணோடு கூடையில் போட்டு, துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பேருந்து ஏறினாள். மண்டி மாடியில் வைரக்கண்ணுவின் மேசைமேல் கூடையை இறக்கினாள். மேசை கிரீச்சிட்டது.

"என்னம்மா இது?"

"உங்க மலை. எடுத்துக்கிட்டு ரசீது குடுங்க."

வைரக்கண்ணு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மலையை எல்லாம் இப்படிக் கொண்டாரக் கூடாதும்மா! இதுக்குப் படிவமே கிடையாது."

"மலை எங்க வயல்லேயே கெடந்தா அதை யாரு காவல் காக்கிறது? நாளைக்கு வேன்ல வர்றவன் நாலு கல்லை எடுத்து மடியில கட்டிக்கிட்டுப் போயிட்டா, மலை கொறஞ்சுபோயிடும். எல்லாத்தையும் எடுத்துட்டா மலையே இல்லாமப் போயிடும். அப்ப உங்க ஆபீசு?"

வைரக்கண்ணு உட்கார்ந்தார். தருமபுரி அவர் கண்முன் வந்துபோனது. மலர்கொடி காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்ததும் வந்துபோனது. கூடையை இன்னொரு தடவை பார்த்தார். கனிமம் அலுவலகத்திலேயே இருந்தால் அதைக் காக்க அலுவலகம் இருந்தாக வேண்டும். இதைவிட உறுதியான ஏற்பாடு வேறெது? எழுதினார்: 'ஆம்பலடி மலை ஒன்று, பெற்றுக்கொள்ளப்பட்டது. தாது முழுமையாக எடுக்கப்பட்டுவிட்டபடியால் மேற்படி இடத்தில் தற்போது மலை இல்லை.' ரப்பர் ஸ்டாம்பை இரண்டு தடவை குத்தினார்.

கமருன்னிஸா காகிதத்தை வாங்கிக்கொண்டு கீழே இறங்கவில்லை. தயங்கி நின்றாள்.

"சார், அதுல நீலக் கல்லு ஒண்ணு இருக்கு. எங்க மக பொறந்த வருசத்துக் கல்லு. அதை மட்டும் குடுத்துடுங்க. வீட்டுல அவுங்க ரொம்ப ஆசையா வச்சிருந்தாங்க."

வைரக்கண்ணு உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அது இப்ப அரசு சொத்தும்மா. நானே நினைச்சாலும் எடுக்க முடியாது."

அவள் பேருந்தில் வரும் வழியெல்லாம் ரசீதை மடியில் வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து மூஸாவிடம் கொடுத்தாள். அவர் முழுதும் படித்துவிட்டு, "எல்லாத்தையுமா குடுத்துட்டே?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும்தான்."

"பயிருக்குத்தானே" என்று சொல்லிவிட்டு மூஸா ரசீதோடு மதகுக்குப் போனார்.

ரெத்தினம் ரசீதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்து, ஸ்டாம்பு இரண்டு இருப்பதைச் சரிபார்த்து, பூட்டைத் திறந்தான். தண்ணீர் வந்தது. மூஸாவின் வயலை நிறைத்துவிட்டு ரெங்கசாமியின் மூன்று மாவுக்குள் இறங்கியது. ரெங்கசாமி முழங்கால் அளவு தண்ணீரில் நின்று குழந்தை மாதிரி அழுதார். நண்டு வளைகளை இந்தத் தடவை இருவரும் சேர்ந்து சேறு வைத்து அடைத்தார்கள், நாள்தோறும் அடைத்தார்கள். மேட்டுப் பக்கம் கால்வாசிப் பயிர் கருகியதுதான் நஷ்டம். மீதி பிழைத்து, மார்கழிப் பனியில் கதிர் சாய்ந்தது.

கதையை இங்கே முடித்திருந்தால் எங்கள் ஊருக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் கோப்பு முடியவில்லை. 'மேற்படி இடத்தில் மலை இல்லை' என்ற ரசீதின் நகல், வந்த வழியே பதினொரு துறைகளுக்கும் திரும்பிப் போய், தை மாதம் உத்தரவாக வந்தது. ஆம்பலடி சமதளம் என அறிவிக்கப்படுகிறது. மலைப்படி நிறுத்தம். குளிர்காலப் படி நிறுத்தம். மலையிருக்கும் இடம் தற்போது கனிம அலுவலகம் ஆகையால், அந்த அலுவலகமும் அது அமைந்துள்ள தெருவிலுள்ள இதர அரசு அலுவலகங்களும் மலைப்பகுதியில் அடங்கும். அந்தத் தெருவில் ஏழு அலுவலகங்கள் இருந்தன.

மறுநாள் ஆம்பலடி திரண்டு போய் மன்னார்குடி சாலையில் உட்கார்ந்துவிட்டது. வாத்தியார்கள் ஒரு வரிசை. மலைக்காற்று நகரில் மனை வாங்கியவர்கள் மூன்று வரிசை. சுண்டல் விற்றவர்கள், வேன் ஓட்டியவர்கள், மலையடிவாரத்து வரன் என்று சொல்லிப் பெண் கொடுத்தவர்கள், எல்லாரும் இருந்தார்கள். இராஜாங்கம் அரசு ஊழியர் ஆனபடியால் மறியலில் கலந்துகொள்ளாமல், எதிரே டீக்கடையில் நின்று ஆட்களை ஒழுங்குபடுத்தினார். முன்வரிசை நடுவில் ரெங்கசாமி உட்கார்ந்திருந்தார். அவர் மகனுக்கு மலைவாசிகள் இட ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாராம்.

போலீஸ் ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். "என்னய்யா வேணும் உங்களுக்கு? தண்ணியா?"

"தண்ணி வருதுங்க. எங்க மலை எங்களுக்கு வேணும்."

"மலையை வச்சா தண்ணிய நிறுத்திடுவாங்கய்யா. உங்க பயிர்தானே காய்ஞ்சது?"

கூட்டம் யோசித்தது. ரெங்கசாமிதான் எழுந்தார். "நம்ம வயல்ல வேணாங்க. பாய் வயல்லேயே வச்சுடுங்க."

அந்த நேரத்தில் ஆம்பலடியில் கதிர் முற்றி உதிரத் தொடங்கியிருந்தது. அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை. மூஸாவும் கமருன்னிஸாவும், பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் சுமையாவும், ஆளுக்கு ஓர் அரிவாளோடு ஆறு மாவில் இறங்கியிருந்தார்கள். ஓமானில் ஐந்நூறு பேருக்குச் சமைத்த கை, நெல் அறுக்கத் தெரியாமல் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது. மூன்று நாளில் அறுத்துக் கட்டிக் களம் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்வி.

கேள்விதான். நான் நேரில் பார்க்கவில்லை. நான் மறியலில் நாலாவது வரிசையில் இருந்தேன்.

மறியல் நல்லபடியாகவே முடிந்தது. மலையை மீண்டும் ஆம்பலடியில் நிறுவுவது குறித்துப் பரிசீலிக்கப்படும் என்றும், நிலம் தர முன்வருவோர் விண்ணப்பிக்கலாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூஸா தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஊர் வளர்ச்சியில் அக்கறையில்லாத மனிதர். எனக்கு வாய்க்கால் கரையோரம் நான்கு மா இருக்கிறது. நல்ல விளைச்சல் நிலம், தண்ணீர்ப் பாதை உண்டு, சாலையிலிருந்து பார்த்தால் தெரியும். விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஸ்வெட்டர் அளவும் எடுத்தாயிற்று.